குப்பியும் கொல்லாமையும்

இல்லத்தில் நாமே ஆக்கிக்கொள்ளும் தலைப்பொடி, குளியற்பொடி, முகப்பூச்சு முதலியவை குற்றமற்றவை என்னும் எண்ணம் நம் சாவகியரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. கடைச்சரக்கில் எது கலந்ததோ, எவ்வுயிர் வருந்தியதோ நாம் அறியோம். நம் கையால் உலர்த்தி இடித்துச் சலித்ததில் பாவம் ஏது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றொரு பாதியை ஆராய்ந்து பார்ப்பதே இங்கு நம் நோக்கம். சீயக்காயில் என்ன அறநூல் ஆராய்ச்சி என்று சில அன்பர்கள் நகைக்கக்கூடும். பெரும் போரையும் வேள்வியையும் நாம் எவரும் நடத்தப் போவதில்லை. நம் கொல்லாமைக்குச் சோதனை வருமாயின் அது அடுக்களையிலும் குளியலறையிலும்தான் வரும்.

துறவறத்தாருக்கு இவ்வினா எழுவதே இல்லை. திகம்பர முனிவர்க்குரிய 28 மூலகுணங்களுள் நீராடாமை ஒன்று. தலைமயிரைத் தம் கையாலேயே களையும் கேசலோசம் மற்றொன்று. எண்ணெயும் வேண்டா, பொடியும் வேண்டா, சீப்பும் வேண்டா என்றிருப்போருக்குக் குப்பி எதற்கு? இல்லறத்தாராகிய நமக்கோ நீராட்டு விலக்கப்படவில்லை. அளவு மட்டுமே விதிக்கப்பட்டுள்ளது. ஒருமுறை துய்த்துக் கழிப்பன போகம், மீண்டும் மீண்டும் துய்ப்பன உபபோகம் எனப் பிரித்து, இரண்டிற்கும் எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது போகோபபோக பரிமாண விரதம். உடம்பில் பூசி நீரில் கழுவி விடும் பொருள் எல்லாம் போகத்தின் பாற்படும். ஆகவே, ‘எத்தனை பொருள், எவ்வளவு, எத்தனை நாளைக்கு?’ என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

வீட்டில் ஆக்கிய நறுமணப் பொடியால் வந்த செருக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் காப்பியத்திலேயே சான்று உண்டு. சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் சுண்ணமே சிறந்தது என்று வாதிட, தோழியர் இரு சுண்ணங்களையும் ஏந்திக்கொண்டு தீர்ப்புத் தேடி அலைகின்றனர். சீவகன் இரண்டையும் வானில் தூவ, வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே மொய்க்கின்றன. தோற்ற சுரமஞ்சரி ஆடவரைக் காண்பதே இல்லை என்று சினந்து கன்னிமாடம் புகுகிறாள். ஒரு பிடிப் பொடிக்கு இத்தனை கோபம்! இன்றும் திருமண வீடுகளில் நலங்கு மாவின் மணத்தைப் பற்றிப் பெண்டிர் பேசும் பேச்சைக் கேட்டால் திருத்தக்கதேவர் மிகைப்படுத்திவிடவில்லை என்றே தோன்றுகிறது.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் 1944 ஆம் ஆண்டு ஜான் டிரெய்ஸ் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். பொருளை முயலின் கண்ணில் இட்டு, கண் எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு புண்ணாகிறது என்று அளந்து பார்ப்பது அம்முறை. பல ஆண்டுகள் அழகுப்பொருள்களின் பெயரால் வாயில்லா உயிர்கள் இவ்வாறு துன்புற்றன. இச்செய்தி தெரிந்தபின் கடைச்சரக்கை விலக்கிச் சீயக்காய்க்குத் திரும்பிய குடும்பங்கள் நம்மில் உண்டு. அவர்கள் செய்தது செம்மையே. எனினும் 2014 ஆம் ஆண்டில் இந்திய அரசு அழகுப்பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதைத் தடை செய்தது. அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றை இறக்குமதி செய்வதையும் அதே ஆண்டிலேயே தடுத்தது. ஆதலின் வீட்டுச் சரக்கின் பெருமைக்கு நாம் காட்டி வந்த தலையாய காரணம் முன்போல் வலுவுடையதன்று.

இனி, ‘வீட்டில் செய்தது’, ‘பாட்டி காலத்தது’ என்ற பெயர்கள் தாமே காப்பாக மாட்டா. மரபுச் சரக்குகளிலேயே கஸ்தூரி என்பது மானின் சுரப்பியிலிருந்து வருவது; புனுகு பூனையினத்தை ஒத்த ஒரு விலங்கிலிருந்து எடுப்பது; கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளைவது. (கஸ்தூரி மஞ்சள் பெயரால் மட்டுமே கஸ்தூரி, அது செடியின் கிழங்கு. ஐயுறும் இளையோர் அஞ்ச வேண்டுவதில்லை.) இன்று வீடுகளில் உதட்டுக்குப் பூசும் மெழுகை ஆக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் தேன்மெழுகை உருக்குகிறார்கள், முகப்பூச்சில் தேனைக் குழைக்கிறார்கள். ‘உண்ணவில்லையே, பூசத்தானே செய்கிறோம்’ என்பது அவர்கள் தரும் விடை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் சாவகர்க்கு எட்டு மூலகுணங்களை வகுத்துக் கள்ளும் ஊனும் தேனும் ஒழிக என்கிறதே, அது நாவின் சுவைக்காக இட்ட தடையா? தேனடையைச் சிதைப்பதால் நேரும் உயிர்க்கேட்டுக்காக இட்ட தடை. அடை சிதைந்த பின் தேன் வாய்க்குப் போனால் என்ன, கன்னத்துக்குப் போனால் என்ன? தேன்மெழுகின்றியும் உதட்டு மெழுகு ஆக்கலாம். பிரேசில் நாட்டில் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு அதற்கு உதவும். அதுவும் வேண்டா என்போர்க்குத் தேங்காயெண்ணெய் இருக்கவே இருக்கிறது.

பூந்திக்கொட்டையைப் பற்றியும் ஒரு சொல். அதன் நுரைக்குக் காரணமான சப்போனின் மீன்களுக்கு நஞ்சு. ஆதலின் குளத்திலும் ஓடையிலும் இறங்கி அதைத் தேய்த்துக் குளிப்பது தகாது. கொட்டை மரத்தில் காய்த்தது என்பதால் மீன் பிழைத்துவிடாது.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் விடுதியில் சனிக்கிழமைதோறும் எண்ணெய் முழுக்கு உண்டு. பணிக்கு வந்தபின் திங்கட்கிழமை காலையில் மாணவியரின் தலையைப் பார்ப்பது எழுதப்படாத கடமையாயிற்று. பேன் என்பது ஏழை வீடு, செல்வர் வீடு என்று பாராது. எறும்பையும் பேனையும் மூவறிவுயிர் என்று நம் நூல்கள் வகைப்படுத்தும். பேனுக்கு மருந்தாகச் சிலர் சீதாப்பழ விதையை அரைத்துக் குழந்தையின் தலையில் அப்பி விடுவதுண்டு. அவ்விழுது கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். ஒரு சிறுமி அவ்வாறு கண் சிவந்து, திறக்கவும் மாட்டாமல் வகுப்பில் அமர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை. கடையில் வாங்காதது, இயற்கை, செலவில்லாதது என்ற மூன்று சிறப்பும் அம்மருந்துக்கு இருந்தன. குழந்தையின் கண்ணுக்கு அவற்றால் பயனில்லை.

அப்படியாயின் பேனை என் செய்வது? எண்ணெய் தடவி நெருக்கமான பற்களுடைய பேன்சீப்பால் வாரி எடுப்பதே நாம் கைக்கொண்ட முறை. இதைக் கொல்லாமை என்று நாம் பெயரிட மாட்டோம். தலையை விட்டு அகன்ற பேன் இரண்டு நாள் கூட வாழ்வதில்லை. ஆயினும் குழந்தையின் துயரை நீக்குவதே கருத்தாக வாருவதற்கும், நகத்தில் வைத்து நசுக்கி ஓசையைக் கேட்டு மகிழ்வதற்கும் வேறுபாடு உண்டு. இம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பிரிப்பர்: கருதிச் செய்யும் சங்கற்ப இம்சை, இல்லறத் தொழிலில் நேரும் ஆரம்ப இம்சை, பிழைப்பில் நேரும் உத்தியோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை. இல்லறத்தார் முற்றாக ஒழிக்க வேண்டுவது முதலாவதை. ஏனையவற்றைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்தப் பாகுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. நாம் எடுத்துக்கொண்ட வினாவின் கடினமான பகுதிக்கு இனிமேல்தான் வருகிறோம்.

நம்மிடம் 6 ஆம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். பூந்திக்கொட்டையையும் சீயக்காயையும் ஊறவைத்துக் கொதிக்க வைத்து, செம்பருத்தி இலைச் சாறும் கற்றாழைச் சோறும் கூட்டி, தலைக்குத் தேய்க்கும் நீர்மம் ஒன்றை ஆக்கி உறவினர்க்கும் அயலார்க்கும் கொடுத்து வந்தாள். பலரும் கேட்கவே விலைக்குத் தரலாமா என்று எண்ணியவள் எம்மிடம் வந்தாள்.

“டீச்சர், கெடாமல் இருக்க மருந்து சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கொல்வதற்கென்றே சேர்ப்பதாகிறது. சேர்க்காமல் விட்டால் நாலாம் நாளே புளித்து மூடியைத் தள்ளுகிறது. நான் மருந்து சேர்க்காமல் ‘அகிம்சைச் சரக்கு’ என்று பெயர் போட்டே கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

நாம் உடனே விடை கூறவில்லை. அவள் கேட்டது வகுப்பறையில் கேட்கத்தக்க நல்ல வினா. நீரும் செடிச்சாறும் சேர்ந்த இடம் நுண்ணுயிர்களுக்கு வயல் போன்றது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் அவற்றின் பெருக்கம் மெதுவாகுமே அன்றி நின்றுவிடாது. வைட்டமின் ஈ எண்ணெயை ஒரு சொட்டு விட்டால் போதும் என்று பலர் நம்புகின்றனர். அது எண்ணெய் சிக்கு நாற்றம் அடைவதைத் தாமதப்படுத்துமே தவிர நுண்ணுயிரைத் தடுப்பதன்று. உண்மையில் தடுப்பவை சோடியம் பென்சோயேட், பினாக்சி எத்தனால் போன்றவை. முன்னது புளிப்புத் தன்மையுள்ள நீர்மத்தில்தான் வேலை செய்யும். பின்னதை நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் சேர்க்கலாகாது என்று ஐரோப்பிய நாடுகள் வரையறுத்துள்ளன. இவையெல்லாம் வேதியியல். மாணவி கேட்டதோ வேதியியல் அன்று.

மருந்து சேர்க்காதவள் கொல்லவில்லை என்னும் வாதத்தை முதலில் பார்ப்போம். அவள் கையால் எதையும் கொல்லவில்லை என்பது மெய். ஆனால் உயிர்கள் தோன்றிப் பெருகுவதற்கேற்ற இடத்தை அறிந்தே ஆக்கி, மூடியிட்டு, நாலாம் நாள் அது நாறியதும் சாக்கடையில் கவிழ்த்து, குப்பியை வெந்நீரால் கழுவுகிறாளே, அச்செயலுக்குப் பெயர் என்ன? தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, என்பதை முன்வைத்தே கூறுகிறது. விளைவை முன்னரே அறிந்தும் ‘என் கை படவில்லை’ என்று ஒதுங்கி நிற்பது விழிப்பின்மையிலும் தாழ்ந்தது. தவிரவும், கெட்ட நீர்மம் கண்ணில் பட்டால் கண் நோய் வரும். சிராய்ந்த தோலில் பட்டால் புண் சீழ் பிடிக்கும். ஐயறிவு, ஆறறிவு உயிரின் துன்பத்தைக் கணக்கில் சேர்க்காத கொல்லாமை எங்கும் சொல்லப்படவில்லை.

இங்கே நம் சமயத்தாரின் நெடுநாள் வழக்கம் ஒன்று துணை செய்கிறது. நோன்பிருப்போர் வடிகட்டிய நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுவது ஏன்? கொதிக்கும்போது நீருயிர்கள் மாய்கின்றன என்பதை நம் முன்னோர் அறியாதவர்களா? வடிகட்டியதோடு விட்ட நீரில் 48 நிமிடமாகிய ஒரு முகூர்த்தம் கழிந்தபின் உயிர்கள் மீண்டும் தோன்றும், மாயும், தோன்றும். கொதித்த நீரிலோ குறித்த காலம் வரை அத்தொடர் அறுபடுகிறது என்பதே அதற்குத் தரப்படும் விளக்கம். அதாவது, ஒருமுறை நேரும் கேட்டை ஏற்று, அலையலையாக நேரக்கூடிய கேட்டைத் தடுக்கிறார்கள். குப்பியில் இடும் காப்புப் பொருளின் இயல்பும் இதுவே. சாற்றைக் கொதிக்க வைக்கத் தயங்காதவள் காப்புப் பொருளுக்கு மட்டும் நடுங்குவதில் பொருத்தம் இல்லை. (நுண்ணோக்காடியில் காணும் பாக்டீரியாவே நூல்கள் உரைக்கும் நிகோத உயிர் என்று சிலர் எழுதுகின்றனர். இரண்டையும் அவ்வாறு ஒன்றாக்குவது அறிவியலுக்கும் நியாயம் அன்று, ஆகமத்துக்கும் நியாயம் அன்று. நம் வாதத்துக்கு அது தேவையும் இல்லை.)

காப்புப் பொருள் இட்ட குப்பி குற்றமற்றதாகிவிடுமா? ஆகாது. அதனுள் விரல் நுழையும்தோறும் புகும் உயிர்கள் மாயத்தான் செய்யும். ஆரம்ப இம்சை அங்கே உண்டு. காப்பிடாத குப்பியைக் காட்டிலும் குறைவு என்பதே அதன் தகுதி. ஆகவே நாம் மாணவியிடம் கூறியது இது: “அம்மா, நீர்மமாகத்தான் தரவேண்டும் என்றால் காப்புப் பொருளைச் சேர், சேர்த்ததை உறையில் ஒளிக்காமல் எழுது. அதற்கு உன் மனம் ஒப்பவில்லையா? நீர்மத்தையே ஆக்காதே. இரண்டும் அறமே. காப்பிடாத குப்பிக்கு அகிம்சை என்று பெயரிட்டுக் காசு வாங்குவது மட்டும் அறம் அன்று.”

சற்று நேரம் பேசாதிருந்தவள், “ஆக்காமல் விட்டால் வேறு வழி?” என்றாள்.

வழி நம் வீடுகளிலேயே இருந்து வந்திருக்கிறது. ஈரமற்ற பொருளில் நுண்ணுயிர் பெருகாது. சீயக்காயும் ஆவாரம்பூவும் வெந்தயமும் உலர்ந்திருக்கும் வரை காப்புப் பொருள் எதுவும் வேண்டா. குளிக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடியை எடுத்து நீரில் குழைத்தால், அது கெடுவதற்கு முன்னரே தலையிலிருந்து இறங்கி விடுகிறது. எஞ்சியதை வைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. நம் பாட்டிமார் பொடியைப் பொடியாகவே வைத்திருந்தது குப்பி கிடைக்காததால் என்று எண்ணுவோர் உளர். ஊறுகாய்க்கு அவர்களிடம் சாடிகள் இல்லாமலா போயின?

ஆனால் பொடிக்கும் விழிப்பு வேண்டும். குளியற்பொடியில் பெரும் பங்கு பச்சைப்பயறு. பயற்றில் வண்டு விழும். பெண்வண்டு பயற்றின் மேல் தோலில் முட்டையை ஒட்டி வைக்கும். அது வெண்புள்ளி போலத் தெரியும். புழு உள்ளே குடைந்து அங்கேயே வளர்ந்து, வண்டாகி, வட்டமாய்த் துளையிட்டு வெளிவரும். துளையுள்ள பயற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதை மில்லுக்கு அனுப்புகிறோம். துளையில் இருந்தது முன்பே பறந்துவிட்டது, புள்ளியுள்ளதில்தான் இன்னும் குடியிருக்கிறது! ஆறு மாதத்துக்கென்று ஐந்து கிலோ பயறு வாங்கி மூலையில் வைத்து, வண்டு கண்டதும் வெயிலில் காயவைத்து, அதையும் அரைத்து, உறையில் ‘மூலிகை’ என்று எழுதுவதை விடச் சோடியம் பென்சோயேட் எவ்வளவோ மேல். அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், பனிக்காலத்தில் 7 நாள் என்று எல்லை வைத்திருக்கிறது நம் ஆகார நெறி. அது உணவுக்குச் சொன்னது. குளியற்பொடிக்கு அதே நாட்கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆயினும் புதிய பயற்றைச் சிறிதளவே வாங்கி, கூர்ந்து பார்த்து, பத்துப் பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வதற்கு அதுவே வழிகாட்டும்.

கூர்ந்து நோக்கினால் தேன், வண்டு, புளித்த நீர்மம் என்ற மூன்றில் பின்னிரண்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. அளவுக்கு மிஞ்சிச் சேர்த்து வைக்கும் இடத்தில். அன்றாடம் குழைப்பவளுக்கு இந்த வினாவில் பெரும்பகுதி எழுவதே இல்லை. மிகுபொருள் விரும்பாமையைக் கொல்லாமைக்கு வேறான விரதமாக எண்ணுகிறோம். குளியலறை அலமாரியில் அவ்விரண்டும் ஒன்றாகிவிடுவதைக் காணலாம்.

விடியற்காலையில் எழுந்து பேருந்தைப் பிடிக்கும் பெண்ணுக்குப் பொடி குழைக்க நேரம் ஏது என்று கேட்பார்கள். அக்கேள்வி நேர்மையானதே, பொடி வடிகுழாயை அடைக்கிறது என்று விடுதிகளில் தடுக்கிறார்கள் என்பதும் மெய்யே. அவர்களுக்கு நீர்மம் வேண்டும். அதில் காப்புப் பொருள் வேண்டும். அவர்களைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. நாம் குறை கூறுவது வேறொன்றை. நிறம் வெளுக்கும் என்று எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் செல்லும் இளம்பெண்களுக்கு முகம் கொப்புளிப்பதைக் கண்டிருக்கிறோம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அப்படித்தான் ஆகும். உடம்பின் தூய்மையின்மையை எண்ணிப் பார்க்கும் அசுசி அனுப்பிரேட்சையைப் பதின்ம வயதினரிடம் எடுத்துரைத்தால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். கறுத்த தோலில் குறை ஒன்றும் இல்லை என்பதையாவது தாய்மார் சொல்லக் கூடாதா?

மாணவி தன் கணவரோடு கலந்து பேசியபின் பொடியையே முதன்மையாகக் கொண்டாள். 100 கிராம் காகித உறை. அரைத்த நாள் மேலே எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்ட அளவில் தருவதில்லை. விற்பனைக்கு ஆக்குவோர் 2020 ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும் என்பதை எடுத்துச் சொன்னோம், அதற்கு விண்ணப்பித்திருக்கிறாள். உரிமம் கிடைத்தபின் விடுதி மாணவியருக்காக நீர்மமும் ஆக்க எண்ணியிருக்கிறாள். காப்புப் பொருளின் பெயரைத் தமிழில் பெரிதாகவே அச்சிடப் போவதாகச் சொல்கிறாள். அதைக் கேள்வியுற்ற அவள் சின்ன மாமியார், ‘மருந்து போட்ட சரக்கு நம் வீட்டுக்கு வேண்டாம்’ என்று இப்போதே சொல்லிவிட்டாராம். அவருக்குப் பொடி உறையோடு இந்தக் கட்டுரையையும் அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.